வண்டி மாறும் ஸ்டேஷன்

"போர்டு படிச்சி வண்டி மாறி ஏற இவளால ஆவுமா? மொதல்ல அத்தச் சொல்லு" என்றார் சித்தப்பா. என்னிடம் கேட்கவில்லை, என் நைனாவிடம் கேட்டார். நான் அவர்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தூர் கல்வி ஆபீஸிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டும், திருப்பதியில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், காலை பதினொரு மணிக்கு நேரில் வரவேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கடிதத்தை முழுவதும் தடுமாறாமல் படித்த முதல் ஆள் நான். அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். ஒரு முறையே போதும்தான்.

"நம்ம ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் தெரியல. இவ எந்த ராஜ்ஜியத்துல வாத்தியாரம்மா ஆவப் போறா?" என்றார் சித்தப்பா மறுபடியும். எல்லை ஊர்கள் எந்த மாநிலத்துக்கு என்று இன்னும் முடிவாகாத காலம் அது.

நைனா யோசித்தார். விஜயபுரம் பக்கத்தில் எங்களுக்கு இருந்தது கொஞ்சம் நிலம். அது வேர்க்கடலை பிடுங்கும் வாரம், யாரும் துணைக்கு வர முடியாது. கடைசியில் சொன்னார்: "தனியாப் போயி ஒயுங்கா வந்துட்டான்னா அங்கியே தங்கிப் படிக்கட்டும். வயில எதுனா ஆச்சுன்னா அதோட நிறுத்திக்கலாம்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெலுங்கு படிக்க வராது. பேச வரும், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு, சண்டை போடுகிற அளவுக்கு வரும். அதனாலேயே எனக்கு எழுத்தும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் படித்தது முழுக்கத் தமிழ். படித்த பெண் என்று ஊரே சொல்லும்போது, பாதிதான் படித்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் அவள் இரண்டு முறை திருப்பதி போய் வந்தவள். புறப்படும் காலையில் என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "வண்டி மாறுற எடத்துல யாரையும் கேக்க வேணாம். மஞ்சத்துணி கட்டிக்கினு, தலமுடியோட போறவங்க பின்னாலயே போ. அவங்க மொட்ட போடப் போறவங்க. மொட்டையா எதிர்ல வந்தாங்கன்னா அவங்க எறங்கி வர்றவங்க. அவ்ளோதான்."

எங்கள் பக்கத்தில் எழுத்து தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் திருப்பதி போய் வந்தார்கள். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வண்டி மாற வேண்டிய அந்தப் பெரிய ஸ்டேஷனில் இறங்கியதும் சிரிப்பு போய்விட்டது. பெயர் எழுதிய பெரிய பலகைகள் இருந்தன, சரி. அவை நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லின. நான் எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது படிக்கட்டுப் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு கரும்பலகை. அதில் எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று அன்றன்றைக்குச் சாக்பீஸால் எழுதுவார்கள். எல்லாம் தெலுங்கு. வட்ட வட்டமாக, ஒன்றைப்போல் ஒன்று. நான் அதன் முன்னால் நின்று, படிப்பதுபோல் கண்ணை வரிவரியாக நகர்த்தினேன். யாராவது பார்க்கிறார்களா என்று பயம். யாரும் பார்க்கவில்லை, அது இன்னொரு பயம்.

உயர்ந்த கூரை, மின்விசிறி, பீங்கான் கோப்பையில் காபி எல்லாம் இருந்தன. டிக்கெட் ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. கம்பிக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தெரிந்தது. கையிடம் எப்படிக் கேட்பது? பெஞ்சுகளில் ஆண்கள் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். பெண்கள் உட்காரும் அறை எங்கே என்று எழுதியிருக்கலாம், அதுவும் எனக்குத் தெரியாத எழுத்தில்.

எங்கோ விசில் ஊதியது. ஜனங்கள் ஓட ஆரம்பித்தார்கள். அப்போது ஒரு குடும்பம் என்னைத் தாண்டிப் போயிற்று. ஆறேழு பேர், எல்லோரும் மஞ்சள் துணி, இடுப்பில் இருந்த குழந்தைக்குக்கூட நேர்ந்துவிட்ட முடி முதுகுவரை பின்னியிருந்தது. அம்மாவை மனதில் கும்பிட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடி ஏறிவிட்டேன்.

வண்டி நகர்ந்தது. கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் தைரியமாகவே இருந்தேன். பிறகு ஜன்னலில் ஒரு செங்கல் சூளை வந்தது. அதன் பக்கத்தில் கூரை சரிந்த ஒரு பம்புசெட் கொட்டகை. வரும்போது இரண்டையும் பார்த்திருந்தேன்.

எதிரே குழந்தையோடு இருந்த பெண்ணிடம், "அக்கா, நீங்க மொட்ட போடத்தானே போறீங்க?" என்றேன்.

"ஆமாம்மா."

"திருப்பதிக்குத்தானே?"

"இல்லம்மா, திருத்தணிக்கி. முருகனுக்குத்தான் வேண்டிக்கினோம்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எங்க போவணும்?" என்று கேட்டாள்.

கடிதத்தை மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் திணித்தேன். மஞ்சள் துணியும் முடியும் பெருமாளுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? நானே சிறுவயதில் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டவள். இந்த வண்டி என்னைத் திரும்ப எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே கொண்டுபோகும். அங்கே சித்தப்பா வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார். ஜன்னலில் என்னைப் பார்ப்பார். எதுவும் சொல்லமாட்டார், சிரிப்பார். அத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்து நின்ற இடத்தில் குதித்து இறங்கினேன். வண்டி போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை. சுற்றிலும் கள்ளிப்புதர், தூரத்தில் மலை. ஒரே ஒரு அறை கொண்ட ஸ்டேஷன். அங்கே ஓர் ஆண் மட்டும் இருந்தார், பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"எக்கடிக்கம்மா?" என்றார் தெலுங்கில்.

"எனக்குத் தெரியும்" என்றேன். எங்கே என்று கேட்டதற்கு அது பதிலே இல்லை.

அவர் உள்ளே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். பெஞ்சு ஜன்னலுக்கு நேர் எதிரே போடப்பட்டிருந்தது. ஜன்னல் இடுப்பு உயரத்தில் இருந்ததால் உள்ளே இருப்பவரின் முகம் முழுவதும் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தை வெளியே பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தார்கள். மூடிவைத்த பானை, நீளக் காம்பு வைத்த அகப்பை. ஒரு தண்டவாளத் துண்டு மணியாகத் தொங்கியது. வெளியே இருந்து என்னையும் எல்லோரும் பார்க்கலாம், நானும் எல்லாவற்றையும் பார்க்கலாம். பயம் போகவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

எழுந்துபோய் ஜன்னலில் நின்று சொன்னேன்: "தப்பு வண்டி ஏறிட்டேன். திருப்பதி போவணும். எனக்குத் தெலுங்கு படிக்க வராது."

வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொன்னேன்.

அவர் தமிழுக்கு மாறினார். "எனக்குத் தமிழ் படிக்க வராது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு படிச்ச ஆளு. போயி தண்ணி குடி."

"வண்டி எப்போ வரும்?"

"வரும். நான் ரெண்டு தட்டு தட்டினா அரக்கோணம் போறது, ஏறாத. மூணு தட்டினா உன்னுது. காது கேக்குதுல்ல? இந்த ஸ்டேஷனுக்கு அது போதும்."

அவர் மூன்று தட்டு தட்டியபோது கடிகாரத்தில் பத்தரை தாண்டியிருந்தது. மறுபடியும் அந்தப் பெரிய ஸ்டேஷனில் இறங்கி, இந்த முறை மூன்று பேரிடம் கேட்டேன். பயிற்சிப் பள்ளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். கடைசி ஆளாக உள்ளே கூப்பிட்டார்கள். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, வண்டி தாமதம் என்றேன்.

பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்துவிட்டேன். சித்தப்பா வாசலிலேயே இருந்தார். "இன்னாமே, போர்டுலாம் படிச்சியா?"

"படிச்சேன் சித்தப்பா" என்றேன்.

அந்தப் பொய்யின் மேல்தான் நான் பயிற்சியில் சேர்ந்தேன். விடுதியில் என் அறைத்தோழியிடம் கெஞ்சித் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்டேன். இப்போது அந்தக் கரும்பலகையைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவேன். ஆனாலும் பலகை சொன்ன பிறகும் இருவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

போன மாதம் ஊரிலிருந்து வந்தவர்கள் அம்மா சொன்னதாகச் சொன்னார்கள்: அறுப்பு முடிந்ததும் தனியாக என்னைப் பார்க்க வருகிறாளாம். "மஞ்சத்துணி பின்னாலயே வந்துடுவேன், பயப்பட வேணான்னு சொல்லு" என்றாளாம். கேட்டதும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. என் கையில் படிப்பு இருந்தது, நாக்கும் இருந்தது. கள்ளிப்புதர் நடுவே இறங்கினால் அவள் என்ன செய்வாள்? எழுதி எச்சரிக்கலாம் என்றால், எங்கள் வீட்டுக் கடிதத்தைத் தபால்காரர்தான் வாசலில் நின்று சத்தமாகப் படிப்பார். சித்தப்பா கேட்காமல் இருக்கமாட்டார்.

போன சனிக்கிழமை அந்தக் கரும்பலகை எழுதும் குமாஸ்தாவிடம் போனேன். தமிழிலும் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதணும்னா மேல இருந்து ஆர்டர் வரணும்மா."

"எழுதல சார். படம் போடறேன். எந்த எழுத்தும் தெரியாதவங்களுக்கு."

அவர் என்னையும் பலகையையும் பார்த்தார். "கீய எடம் இருக்குது. எவனாச்சும் கேட்டா நான் பாக்கல."

பையில் கொண்டுவந்திருந்த சாக்பீஸால் பெரிய நாமம் ஒன்று போட்டு, பாலத்தைக் காட்டும் அம்பு வரைந்தேன். பக்கத்தில் வேல் வரைந்து, இந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தைக் காட்டினேன். வரைந்து முடிப்பதற்குள் இரண்டு கிழவிகள் நாமத்தைப் பார்த்துவிட்டுப் பாலம் ஏறினார்கள்.

சாக்பீஸ் எத்தனை நாள் நிற்கும்? திரும்பி வந்து விடுதியில் உட்கார்ந்து அம்மாவுக்கு எழுதினேன்: "மஞ்சள் துணியை நம்பாதே. நான் அன்று அதை நம்பித் திருத்தணி வண்டி ஏறிவிட்டேன். எனக்கு அப்போது தெலுங்கு படிக்கத் தெரியாது. பலகையில் நாமம் இருந்தால் அதைப் பார்த்து வா. இல்லாவிட்டால் மூன்று பேரிடம் கேள்." யார் படிப்பார், யார் கேட்பார் என்று தெரிந்துதான் எழுதினேன். உறையை ஒட்டி இன்று காலை தபால்பெட்டியில் போட்டுவிட்டேன்.