பூஜையில் இருக்கும் ஸ்பேனர்கள்

வீட்டை ஒட்டி நான் ஒரு பட்டறை போட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நானேதான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே! ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பெரிய மேஜை, மூர் மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கிய ஸ்பேனர்கள்.

இன்று ஆயுத பூஜை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, டிரான்சிஸ்டரில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு, வாசலில் பெருமையாக நின்றேன்.

பூசணிக்காய் மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார்.

"செயின் அறுந்துபூட்ச்சி சார். கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்குப் போவணும். இன்னிக்கு வுட்டா இந்தக் காயை எவன் வாங்குவான்? நீங்க பட்டறை வெச்சிக்கினு கீறீங்கன்னு சொன்னாங்க."

அறுந்த செயினை எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எல்லாம் பூஜையில இருக்குதே. இன்னிக்குத் தொடக்கூடாது."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆமா சார், சாமி காரியம்."

மூட்டையிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து என் கையில் வைத்தார்.

"புதுப் பட்டறை, கண்ணு பட்டுடும். சுத்திப் போட்டு ஒடைச்சிடுங்க. வண்டிய நாளைக்குக் காலைல எடுத்தாறேன்."

வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அந்த முதுகைப் பார்க்கக் கூசியது.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "சாமி பேரைச் சொல்லித் தப்பிச்சிக்கினீங்களா?"

பூசணிக்காயை உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

நாளை விஜயதசமி. எதையும் கற்றுக்கொள்ளத் தொடங்க நல்ல நாள்தான். அவர் வருவதற்குள் அறுந்த செயினைச் சேர்க்க எனக்குச் சொல்லிக்கொடுக்க யாராவது வருகிறீர்களா? பூசணிக்காய்க் கூட்டு உண்டு.