ஜெனிபரின் ஐடியில் நாங்கள் ஒன்பது பேர்

ஜெனிபரால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. ஸ்டோர்ஸில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய டிபன் பைதான் உட்கார்ந்திருக்கும். அவள் ரேக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். கம்ப்யூட்டரில் இருநூறு பேரிங் என்று காட்டினால், எழுந்து போய்க் கையால் தொட்டு எண்ணிவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். எட்டு வருஷமாக இப்படித்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்புகளுக்கு ஷாஃப்ட் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் பிளானிங்கில் இருக்கிறேன். எந்த மெஷினில் எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது என் தொழில். ஒரு மெஷின் பத்து நிமிஷம் சும்மா நின்றால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். நான் பர்மனென்ட். ஜெனிபர் கான்ட்ராக்ட். அவளுடைய அப்பா, அம்மா மீஞ்சூர்ப் பக்கம் வயல் கூலிக்குப் போனவர்கள். வருஷா வருஷம் யார் யார் காலிலோ விழுந்து கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிற பிழைப்பு அவளுக்கு. இந்த வருஷம் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், பட்டியலில் முதல் பேர் அவளுடையது என்று கேன்டீன்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டும்.

எங்கள் சாஃப்ட்வேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஐந்து லைசென்ஸ்தான் வாங்கியது. சரக்கு வந்தால் வரவு வைக்கும் உரிமை ஜெனிபரின் ஐடிக்கு மட்டும். ஆனால் சரக்கு மூன்று ஷிஃப்டிலும் வரும், அவள் மூன்று ஷிஃப்டிலும் இருக்க முடியுமா? அதனால் மேனேஜர் ஆதிநாராயணன், "பாஸ்வேர்ட காலண்டர் பின்னாடி எழுதி வைம்மா, அவசரத்துக்கு ஆவும்" என்றார். எழுதி வைத்தாள். அன்றிலிருந்து அவள் ஐடி தெருக்குழாய் மாதிரி ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தால் ஒன்பது பேர் அதில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆந்திராவிலிருந்து ஷாஃப்ட் கடைவதற்கான இரும்பு ராடு ஏற்றி வரும் லாரி டிரைவர், எளாவூர் செக்போஸ்ட் தாண்டியதும் போன் செய்வார். "நைனா, தாண்டிட்டேன்" என்பார். அங்கிருந்து எங்கள் கேட்டுக்கு இருபது நிமிஷம். சரக்கு வரவு ஏறாமல் சாஃப்ட்வேர் எந்த மெஷினுக்கும் வேலையைத் திறக்காது. அதனால் போன் வந்ததுமே, லாரி வருவதற்குள், சரக்கு வந்துவிட்டதாகப் போட்டுவிடுவோம். ஜெனிபருக்கு இது அறவே பிடிக்காது. "கண்ணால பாக்காத ஒண்ண வந்துச்சின்னு எப்டி சார் போடறது?" என்று சண்டை பிடிப்பாள். அதனால் அவள் இல்லாத நேரத்தில் போடுவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு போன் வந்தது. ஜெனிபர் எட்டரைக்குத்தான் வருவாள். அப்போது ரயிலில் இருந்திருப்பாள். மூன்று மெஷின்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோர்ஸுக்குப் போய் அவள் ஐடியைத் திறந்து, அறுநூற்று நாற்பது ராடு வரவு என்று போட்டேன். இருபது நிமிஷம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று, லாரி வரவில்லை. எளாவூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆக்சில் உடைந்து நின்றுவிட்டதாம். சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற மறுநாள் ஆகும் என்றார் டிரைவர்.

அந்த நிமிஷமே பதிவை ரத்து செய்யச் சொல்லியிருக்கலாம். ரத்து செய்ய மேனேஜரிடம் போக வேண்டும், திட்டு வாங்க வேண்டும். நாளைக்குக் காலையில் எப்படியும் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் சேல்ஸ்காரர்கள் திரையைப் பார்த்து, ராடு இருக்கிறது, நாளைக்கே ஷாஃப்ட் தருகிறோம் என்று புனே பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமையும் ராடு வந்து சேரவில்லை. அவர்கள் வண்டி வந்து, காத்திருந்து, காலியாகத் திரும்பிப் போனது. மேலிடத்தில் ரகளை.

ஜெனிபர் அந்த இரண்டு நாளும் ராடைத் தேடினாள். தன் ஐடியில் வரவு இருக்கிறது, அப்படியென்றால் யாரோ இறக்கி எங்கேயோ வைத்திருக்க வேண்டும் என்று ரேக் மேலெல்லாம் ஏறிப் பார்த்தாள். பழைய ஷெட்டின் பூட்டைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். கடைசியில் என் டேபிளுக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"சார், பேஜாரா கீது சார். யார் போட்டாங்கன்னே தெரில. உங்களுக்கு எதுனா தெரியுமா? நீங்கதான் சார் நேரா சொல்வீங்க."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே, "தெரிலம்மா, விசாரிக்கறேன்" என்றேன். அவள் தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. டீ குடிக்கப் போனேன், குடிக்காமல் வந்தேன். மெஷின் மெஷினாகப் போய் நின்றேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பிளான் ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு கோழை இருக்க மாட்டான்.

வியாழக்கிழமை காலை ஆதிநாராயணன் ரூமில் விசாரணை. ஜெனிபர் ஐடியின் இரண்டு வருஷப் பதிவுகளை அச்செடுத்துக் கத்தையாக வைத்திருந்தார். எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு ஜெனிபரைக் கேட்டார்.

"வராத சரக்க வந்துச்சின்னு எதுக்கும்மா போட்ட?"

"ஏழு அம்பதுக்கு நான் ரயில்ல இருந்தேன் சார்."

"ஐடி உன்னுது."

ஜெனிபர் அந்தக் கத்தையைக் கைகாட்டி, "சார், அந்தக் கட்டுல போன வருஷம் ஆகஸ்ட் பதினாலு எடுங்க" என்றாள். அவர் புரட்டினார். அந்த ஒரே நாளில் அவள் பெயரில் பதினோரு வரவு.

"அன்னிக்கி எனக்கு ஆபரேசன் பண்ணி கொழந்த எடுத்தாங்கோ சார். அத்த எடுத்துக்கினு இருக்கும்போது நான் இங்க வந்து பதினோரு தபா சரக்கு எறக்கினேனா?"

அந்தப் பதினொன்றில் நாலு என்னுடையது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"செவ்வாய்க்கெழம போட்டது நான்தான் சார்" என்றேன்.

ஜெனிபர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இரண்டு நாள் தேடியதெல்லாம் கணக்கில் வந்து நின்றது போல, களைத்துப்போய்ப் பார்த்தாள்.

சொல்லிவிட்டோம், அவள் தப்பித்தாள் என்றுதான் நினைத்தேன். ஆதிநாராயணன் என்னிடம், "சரவணகுமார், இனிமே ஜாக்கிரதையா இரு" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "பாஸ்வேர்ட ஊருக்கெல்லாம் குடுத்தது நீ. ரூல்படி அதுதான் பெரிய தப்பு" என்றார். காலண்டருக்குப் பின்னால் எழுதச் சொன்னது அவர்தான் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நான் வாயெடுத்தேன். "நீ பேசாத" என்று கையை நீட்டித் தடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்த பட்டியலில் ஜெனிபர் பெயர் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவளுடைய ஐடியையும் பூட்டிவிட்டார்கள். புது லைசென்ஸ் வாங்க மேலிடம் சம்மதிக்கவில்லை. வரவு வைக்கும் உரிமையை என் ஐடிக்கு மாற்றினார்கள், ஸ்டோர்ஸ் வேலை மட்டும் அவளிடமே இருந்தது. திங்கட்கிழமை என் டேபிளுக்கு வந்து, "சார், பதினெட்டு ஐட்டம் எண்ணி முச்சிட்டேன். ஏத்தணும். உங்க பாஸ்வேர்டு இன்னா?" என்று கேட்டாள். நான் எழுந்து நாற்காலியை விட்டேன். அன்றிலிருந்து சரக்கை எண்ணுவது, ஏற்றுவது எல்லாம் அவள். கண்ணால் பார்க்காத எதையும் என் பெயரில் அவள் போடவிடவில்லை. அவசரம் என்று வந்தவர்களை என் ஐடியை வைத்துக்கொண்டே விரட்டினாள்.

மூன்றாவது மாசக் கடைசியில் ஆடிட் நடந்தது. அதற்கு மறுநாள், அவள் என் சீட்டில் பதிவு போட்டுக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து சரக்கில் ஒரு வித்தியாசமும் இல்லாத முதல் ஆடிட் இதுதானாம். பதிவுகளைத் துல்லியமாக வைத்திருக்கும் சரவணகுமாருக்குப் பாராட்டு என்று எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். அவள்தான் முதலில் படித்தாள். எழுந்து எனக்கு இடம் விட்டாள்.

நான் உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தேன். இது என் வேலை இல்லை, மூன்று மாதமாக என் ஐடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தது ஜெனிபர் என்று எழுதினேன். அவள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த அனுப்பாதீங்க சார். மறுபடியும் பாஸ்வேர்டு கேசுன்னுவாங்கோ. உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ. எனக்கு அடுத்த வருசமும் பூடும்."

எழுதியதை எல்லாம் அழித்தேன்.

"தேங்க்ஸ்னு மட்டும் போட்டு அனுப்புங்க. சும்மா இருந்தா திமிர்னு நெனப்பாங்கோ."

தேங்க்ஸ் என்று போட்டு அனுப்பினேன்.