மட்டி ஞானபூரணம்

பின்பக்கமாகவே நடக்கிறார் ஞானபூரணம். குளத்தில் முழங்காலளவு தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகாலால் சேற்றைத் துழாவியபடி ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குகிறார். முன்பக்கம் நடந்தால் மட்டியின் விளிம்பு கால்விரலைக் கிழித்துவிடுமாம். "எங் குதிகாலு செருப்புத் தோலு சார்வாள், அறுத்தாலும் தெரியாது" என்கிறார். எதுவோ தட்டுப்படுகிறது. குனிந்து எடுத்தால் உள்ளங்கை நீளத்தில் கறுத்த சிப்பி. முதுகில் தொங்கும் ஓலைப்பெட்டிக்குள் திரும்பிப் பாராமலே வீசுகிறார், குறி தப்புவதில்லை.

மட்டி என்றால் குளத்துச் சிப்பியும்தான், மூளை மந்தமானவரும்தான். ஞானபூரணம் என்ற பேருக்கு முன்னால் அந்தச் சொல்லை ஒட்டவைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை. அம்மாளுக்கு அதில் கோபமில்லை. "ரெண்டும் சேந்தாத்தான சார்வாள் மனுசன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மட்டிக்குக் குனிகிறார்.

சங்கரன்கோவிலில் தறிகளுக்குக் கரண்டு வந்ததிலிருந்து சாயப்பட்டறைகளும் பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றின் கழிவு, வாய்க்கால் வழியாக இவர் மட்டி எடுக்கிற கீழக்குளத்தில் வந்து விழுகிறது. மட்டி சும்மா கிடக்கிற பிராணி இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரைக் குடித்து, அழுக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தெளிந்ததை வெளியே விடும். அதனால் வாய்க்கால் பக்கத்து மட்டியைப் பிளந்தால் உள்ளே ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் பச்சை. பக்கத்து வீட்டு ஷம்சாத் பேகம் ஜவுளிக்கடைக்குப் போகுமுன் இவரிடம் வந்துதான் விசாரிப்பார்: "பெருநாளுக்கு என்ன கலரு வருது?" இவர் ஒன்றைப் பிளந்து பார்த்து, "கத்திரிப்பூ" என்பார். இரண்டு பெருநாளாகச் சொன்னது பலித்தது.

இந்த வருஷம் அந்த விளையாட்டு நின்றுவிட்டது. வாய்க்கால் விழுகிற இடத்தில் மட்டிகள் வாயைப் பிளந்து செத்துக் கிடக்கின்றன. கீழக்குளம் போனால், மட்டியைக் கறிக்கு விற்கிற ஞானபூரணத்தின் பிழைப்பும் போயிற்று. மேலக்குளத்தில் மட்டி உண்டு. ஆனால் நாலு மைல் நடை, பெட்டியும் பாதிதான் நிறையும். ஒருநாள் அவர் உயிருள்ள இரண்டு மட்டிகளையும் இரண்டு ஈயக் கும்பாக்களையும் எடுத்துக்கொண்டு அந்தச் சாயப்பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

பட்டறை முதலாளி கோமதிசங்கர் கெட்ட மனிதர் இல்லை. ஞாயிறு தவறாமல் இவரிடம் மட்டி வாங்கித் தின்கிறவர். "வெறும் கலருதாம்மா அது. ஒண்ணுஞ் செய்யாது" என்றார்.

ஒரு கும்பாவில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் வாய்க்கால் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு மட்டியைப் போட்டார் ஞானபூரணம். எங்களுக்கு டீ வந்தது. குடித்து முடித்துச் சற்று நேரம் ஆவதற்குள் கிணற்றுத் தண்ணீர் மட்டி மெல்ல வாய் திறந்து நாக்கை நீட்டியது. மற்றது இறுக மூடிக் கிடந்தது.

"தூங்குது" என்றார் முதலாளி. பட்டறையே சிரித்தது.

"தூங்கட்டும்" என்று இரண்டையும் கும்பா மாற்றிப் போட்டார் இவர். நாக்கை நீட்டியிருந்தது டப்பென்று மூடிக்கொண்டது. தூங்கினது கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டது.

"வாயை எப்ப மூடணும்னு மட்டிக்குத் தெரியுது அண்ணாச்சி. சாயத் தண்ணிக்கு ஒரு குழி வெட்டிருங்க, கொளத்துக்கு விடாதிய."

"பாப்போம்" என்றார் முதலாளி. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு அவரே தூக்குவாளியோடு குளத்தங்கரைக்கு வந்தார். ஞானபூரணத்தின் முன்னால் இரண்டு பெட்டிகள்.

"இது ஒங்க வாய்க்காப் பக்கம் சாகாம மிச்சங் கெடந்த மட்டி. யாருக்கும் விக்கது கெடயாது, ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன். அது நாலு மைல் நடந்து மேலக்கொளத்துல எடுத்தது. எதைப் போட அண்ணாச்சி?"

சுற்றிலும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி மேலக்குளத்துப் பெட்டியை விரலால் காட்டினார்.

ஞானபூரணம் தூக்குவாளியைக் கை நீட்டி வாங்கினார். ஒரு மட்டிகூடப் போடவில்லை. மூடியை டப்பென்று அழுத்தி மூடி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.