சரோஜாக்காவின் கசகசா

ஆறு மாதம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவன் என்பதால், மைசூர் அக்ரஹாரத்தில் எல்லாரும் என்னிடம்தான் பயண யோசனை கேட்பார்கள். மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் கிளம்பிய பக்கத்து வீட்டு சரோஜாக்கா, "பாயசத்துக்குக் கசகசா கொண்டு போலாமாடா?" என்றார்.

அங்கே அது போதைப்பொருள் கணக்கு. தெரிந்தேதான் சொன்னேன்: "அரைக் கிலோ எடுத்துக்கங்க. ஏர்போர்ட்லயே மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க."

கிண்டல் என்று புரிந்துகொள்வார் என நினைத்தேன்.

மறுநாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு அவர் கணவர், "அவ பையில கசகசாவே அரைக் கிலோப்பா" என்று சிரித்தார். ஸ்கூட்டரை விரட்டி, கிளம்பிய ஏர்போர்ட் பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்தினேன். டிரைவர் கன்னடத்தில் திட்டத் திட்ட உள்ளே ஏறினேன்.

"வெளயாட்டுக்குச் சொன்னேன்க்கா. இதோட போனா ஜெயிலு."

அவர் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "போய் வந்தவனாச்சேன்னு நம்பிட்டேன்டா."

என் பேச்சை நம்பவும் ஆள் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. இப்போதும் கிண்டலடிக்கிறேன், பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்களிடம் மட்டும் கிண்டலடிப்பதில்லை.