இரவு மாத்திரை ஏழு மணிக்கு

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஜன்னல்கள் நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. யாரும் விழுந்துவிடக் கூடாதென்று இரும்புக் கொக்கி வைத்திருக்கிறார்கள். வட இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும், காலையில் நுழைந்ததும் ஜன்னலை முழுதாகத் தள்ளப் பார்க்கிறேன். கேரள எல்லையில், பாறசாலையில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கொக்கியே கிடையாது. காற்று வந்தால் தானே அடித்துக்கொள்ளும்.

இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் தம்பி சுனில். நான் நர்ஸ் என்ற பெருமையில் இங்கிருந்தபடியே ஒரு மருந்துப் பட்டியல் தயாரித்து, கிளவுடில் போட்டு அவனுக்கு அனுப்பினேன். இரவு மாத்திரைக்கு ஒன்பது மணி என்று போட்டிருந்தேன். அவன் ஏழு என்று மாற்றினான். நான் ஒன்பதாக்கினேன். மூன்று முறை இப்படி நடந்தது. நான்காம் முறை, அவன் பார்க்கலாம், திருத்த முடியாது என்று மாற்றிவைத்தேன். 'கிட்ட இருந்தால் முட்டப் பகை, தூர இருந்தால் சேர உறவு' என்பார்கள். எங்களுக்குத் தூரத்தில் இருந்தே முட்டியது.

அன்றே கூப்பிட்டான்.

"எக்கா, அப்பா ஏழு மணிக்கே ஒறங்கிப்போவும். ஒம்பதுக்கு எழுப்பினா பின்னெ விடியவரெ ஒறக்கமில்லெ. இங்கெ கூடெ கெடக்கியது நானாக்கும்."

"டாக்டர் எழுதினதெ நாம மாத்தப்பிடாது, சுனிலே."

"அப்போ நான் பாத்தா மட்டும் போதும், இல்லியா?"

நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை அப்பா இறந்துபோனார். அழுது முடித்த குரலில் சுனில் சொன்னான். சிறிது நேரத்தில், ஜங்ஷனில் ஒட்டுவதற்கான மரண அறிவிப்பையும் கிளவுடில் போட்டு அனுப்பினான். மலையாள அறிவிப்பு: மேலே அப்பாவின் படம், கீழே பிள்ளைகளின் பெயர்கள். என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இங்கிலாந்து. அவன் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை, தேவையும் இல்லை. கடைசி வரியில், சம்ஸ்காரம், அதாவது தகனம், நாளை காலை பதினொரு மணிக்கு, வீட்டு வளப்பில், எங்கள் தோட்டத்திலேயே. எனக்குக் கிடைத்த விமானம் நாளை மறுநாள் மதியம்தான் திருவனந்தபுரத்தில் இறங்கும். 'நாளை' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. பார்க்க மட்டும்தான் எனக்கு அனுமதி. திருத்த அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினேன். அவன் போனில் வந்தான்.

"பிரெஸ்ஸுக்குக் குடுத்தாச்சு எக்கா."

"ஒரு நாள் தானே மக்கா. நான் வாறேன்."

"அப்பா சொல்லியிட்டுண்டு, ஐஸ் பெட்டியிலெ என்னெ கெடத்தாதே, எனக்குத் தணுப்பு ஆவாதுண்ணு. அதெக் கேட்டது நானாக்கும்."

"அதுக்கு எதுக்கு என்னெ மாத்த விடாம வச்செ?"

"ஆளாளுக்கு மாத்தினா செரியாவாது. நீ சொல்லித்தந்ததுதானே."

அவன் குரலில் கோபம் இல்லை. எனக்கும் கோபமோ அழுகையோ வரவில்லை.

மேற்பார்வையாளர் ஜேனட்டிடம் அப்பா இறந்ததைச் சொன்னேன். அடக்கம் எந்த வாரம் என்று கேட்டாள். நாளை என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வாரமும் இதை மனதில் வைத்துக்கொண்டா வேலைக்கு வந்தாய்?" என்றாள். இங்கே அடக்கத்துக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பார்கள். அப்பா அன்று காலையில்தான் இறந்தார் என்று விளக்கத் தெம்பில்லை. தலையாட்டினேன்.

மறுநாள் அங்கே பதினொன்று, இங்கே விடியற்காலை ஐந்தரை. சித்தப்பா மகன் வீடியோவில் காட்டினான். மாங்கட்டை அடுக்கியிருந்தார்கள். சுனில் ஈரத்துண்டோடு சுற்றி வந்தான். பார்த்தேன். ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன்.

டிக்கெட்டைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாற்றிக்கொண்டேன். நேற்று அந்த மருந்துப் பட்டியலைத் திறந்தேன். அது இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒன்பதை அழித்து ஏழு என்று போட்டேன். சுனிலுக்குத் திருத்தும் அனுமதியும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் அவன் பெயர் தெரிந்தது. அவன் பாறசாலையிலும் நான் இங்கேயுமாக, வெகுநேரம் அந்தப் பக்கத்தில் இருந்தோம். இரண்டு பேரும் எதையும் மாற்றவில்லை.