அழிக்கத் தெரியாத கம்ப்யூட்டர்

எங்கள் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்னால் ஜெராக்ஸ் மெஷின், பின்னால் ஒரு சின்ன அறை, அதில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நான் குழாய் ரிப்பேர் செய்கிறவன். அந்தக் கடையில் குழாய் சொட்டுகிறது என்று தகவல் வந்தால் போதும், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். "நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா சொட்டுது, அது கண்ணுக்குத் தெரியல" என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். தெரியத்தான் செய்கிறது. ஆனால் அக்காவுக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் அப்படி.

அக்காவின் போட்டோ கேமராவை முதன்முதலில் பார்த்தபோது சிரித்தவன்தான் நான். அக்காவின் தங்கை கணவர் புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டார். குழந்தைகளுக்கே அலுத்துப்போன பிறகு அக்கா எடுத்து வந்தார். பேட்டரி மூடியை ஒரு ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபிளாஷ் செத்துப் பல வருஷம் ஆகிறது. பட்டனை அழுத்தினால் உடனே எடுக்காது, ஒன்றரை வினாடி யோசித்துவிட்டுத்தான் எடுக்கும்.

"அக்கா, இதுக்கு என் ரெஞ்சே நல்லா போட்டோ எடுக்கும்" என்றேன்.

"உன் மூஞ்சிக்கு அது போதும் தம்பி" என்றார்.

ஆனால் அந்தக் கடையில் எடுத்த படங்களில் மனிதர்கள் மனிதர்களாக இருந்தார்கள். அதற்குக் காரணம் அக்காவின் பிடிவாதம். ஃபிளாஷ் இல்லாததால் ஜன்னலோரத்தில்தான் எடுப்பார். அதுவும் எதிர்க் கட்டிடத்துச் சுவரில் வெயில் பட்டு, வெளிச்சம் அறைக்குள் திரும்பி வருகிற நேரத்தில் மட்டும். ஸ்டாண்டு கிடையாது. ஒரு ஸ்டூல், அதன்மேல் பேப்பர் கட்டுகள். குள்ளமானவருக்கு மூன்று கட்டு, நெட்டையானவருக்கு ஏழு. கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும் என்று ஸ்டூலை வாசல்வரை தள்ளி, அங்கிருந்து ஜூம் செய்வார். கேமராவின் தாமதத்தையும் சும்மா விடவில்லை. பட்டனை அழுத்தியதுமே "ஆச்சு" என்பார். அதுவரை மூச்சைப் பிடித்து விறைப்பாக உட்கார்ந்திருந்தவர் அப்பாடா என்று தளர்வார். கேமரா அப்போதுதான் எடுக்கும்.

என் மகளுக்குப் பிறக்கும்போதே இடது கன்னத்தில் ஒரு மச்சம். கண்ணோரத்தில் தொடங்கித் தாடை வரைக்கும் கருஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும். அவளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் அவள். போட்டோவோடு விண்ணப்பத்தைக் கொடுத்தால் சேர்ந்துவிடலாம். இதற்குப் போய் ஜெராக்ஸ் கடையா என்று பெருமைக்காகப் பெரிய ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். குடை வைத்த விளக்குகள், ஏசி, எல்லாம் இருந்தன.

கல்லூரிக் கவுண்டரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இது யாரு, உங்க தங்கச்சியா?" என்றார்.

ஸ்டுடியோக்காரர் மச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார். அதுவரை நாங்கள் கவரைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. போய்க் கேட்டதற்கு, "அது எங்க சர்வீஸ் சார்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். கத்திவிட்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒன்றும் செய்யக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். அவரும் தலையாட்டினார். இந்த முறை மச்சம் லேசான நிழல்போல இருந்தது. "ஒரு பொம்பளப்புள்ள சார், மனசு கேக்கல, கொஞ்சமாத்தான் குறைச்சேன்" என்றார். கவுண்டரில் அதுவும் திரும்பியது. விண்ணப்பம் கொடுக்க மறுநாள் மதியம் ஒரு மணிதான் கடைசி.

அன்று சாயங்காலம் மகள் சொன்னாள். "விடுங்கப்பா. ரெண்டு பேருமே நல்லது நெனச்சுத்தான் செஞ்சாங்க. எல்லாருக்கும் இது இல்லாம இருந்தாத்தான் புடிக்குது. நாளைக்கு நோயாளிக்கும் அப்படித்தான இருக்கும்? நான் போகல."

மறுநாள் காலை அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அன்றைக்கென்று பார்த்து வானம் மூடியிருந்தது. அக்கா ஜன்னலைப் பார்த்துவிட்டு "பொறுங்க" என்றார். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. நான் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன்.

"ஏதோ ஒண்ணு எடுத்துக் குடுங்கக்கா, நேரமாகுது!"

"ஏதோ ஒண்ணு எடுக்குறதுக்கு ரெண்டு கடை பாத்தாச்சுல்ல? உக்காரு."

மகளுக்கு என்னைவிட அவசரம், வீட்டுக்குத் திரும்ப. "ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது இதை..." என்று கன்னத்தைத் தொட்டாள்.

"என் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு கண்ணு. அதுக்கு வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியும். அழிக்கத் தெரியாது" என்றார் அக்கா. மகள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். அங்கேயே உட்கார்ந்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு எதிர்ச் சுவர் பளிச்சென்றது. அக்கா ஐந்து பேப்பர் கட்டுகளை அடுக்கினார். நான் மகளின் தோளைப் பிடித்து, "கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காரும்மா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் கை செய்கிற வேலை எனக்குத் தெரிந்தது. வலது பக்கம் கேமராவுக்கு, இடது பக்கம் சுவருக்கு. பதினெட்டு வருஷமாக, கல்யாண வீடானாலும் பள்ளிக்கூடமானாலும், போட்டோ என்றால் அவளை நான் அப்படித்தான் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். ஸ்டுடியோக்காரர்களிடம் கத்தினேனே, அவர்களுக்கெல்லாம் முன்னால் துடைக்க ஆரம்பித்தவன் நான். அவளும் பழக்கத்தில் திரும்பிக்கொண்டாள். அதுதான் என்னைக் கொன்றது.

அக்கா திட்டவில்லை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்த தெர்மக்கோல் பலகையை என் கையில் கொடுத்தார்.

"அவ நேரா உக்காரட்டும் தம்பி. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுது. நீ அவளுக்கு இடது பக்கமா நின்னு இதப் புடி. அந்தக் கன்னத்துக்கும் வெளிச்சம் வரணும்."

பிடித்தேன். பலகை ஒரு நிலையில் நிற்கவில்லை. "அப்பா, ஆடாதீங்க" என்றாள் மகள். அக்கா பட்டனை அழுத்தி "ஆச்சு" என்றார். மகள் மூச்சை விட்டாள். கேமரா எடுத்தது.

பிரிண்ட் வந்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மச்சம் முழுசாக, அதன் நிறத்தோடு இருந்தது. ஆனால் முதலில் தெரிந்தது அது இல்லை, அவள் கண். எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற பெண்ணின் கண். எனக்கு உடம்பு முடியாமல் போனால் இந்த நர்ஸ் வரட்டும் என்று நினைக்க வைக்கிற முகம். மகள் படங்களைக் கவரில் போட்டாள். பிறகு, "கிளம்புங்கப்பா, மணி ஆச்சு" என்று எனக்கு முன்னால் படியிறங்கினாள். நான் அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "போடா, பஸ்ஸ விட்றாத" என்றார்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கவுண்டரில் நின்றோம். அதே அம்மா. படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ம், இது நீங்க" என்று முத்திரை குத்தினார்.

"ஆமா மேடம், நான்தான்" என்றாள் மகள். அந்த அம்மாவுக்கு அந்தப் பதில் தேவையே இல்லை. இருந்தும் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படிச் சொன்னாள்.

வெளியே வந்து கவரில் இருந்த படங்களை எண்ணினாள். "ஆன்ட்டி எட்டு போட்டாங்க, இங்க மூணு போச்சு. அஞ்சு இருக்குப்பா. உங்களுக்கு ஒண்ணு வேணுமா?"

"ரெண்டு குடு" என்றேன்.