மிளகு வந்த திசை

சிவகாசியில் காலண்டர் வடிவமைத்துவந்த நான், பள்ளிகளுக்கான சிடிக்காக உலகத் தோட்டப்பயிர் வணிக வரைபடம் செய்தேன். பயிரின் பெயரை அழுத்தினால், சரக்கு போகும் வழியில் அம்பு ஓடும். காலண்டரில் கடைப்பெயரை மட்டும் மாற்றுகிற பழக்கத்தில், தேயிலைப் படத்தையே பெயர் மாற்றி மிளகாக்கிவிட்டேன்.

எங்கள் அச்சகத்தின் பைண்டிங்கில் வேலைபார்த்த மாரியக்கா எட்டிப் பார்த்தார்.

"மிளகு வெளிய போறத மட்டும் காட்டுறீக தம்பி. எங்க வீட்டுக்காரரு விருதுநகர் கிட்டங்கியில வெளிநாட்டு மிளகு மூட்டையும் இறக்குறாரே."

"மவுசைத் தொடாதீங்கக்கா" என்று விரட்டினேன்.

சில நாள் கழிந்தது; மறுநாள் சிடி பிரதியெடுக்கப் போகவேண்டும். அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த, வத்தல் துணுக்கு ஒட்டிய காலி மிளகுச் சாக்கு ஒன்றை என் முன் விரித்தார். அதில் ஆங்கிலத்தில் 'வியட்நாம்' என்றிருந்தது. வெட்கத்தோடு வேலையை நிறுத்தி மிளகுப் படத்தைத் திருத்தினேன். மவுசை அவரிடமே கொடுத்தேன்.

அவர் அழுத்தியதும் அம்பு கடல் தாண்டி வந்தது.

"அங்கன பாருங்க, நம்ம பக்கம் வருது!"

நான் இணையத்தில் தேடாமல் விட்ட உலகத்தின்மேல், அந்தச் சாக்கின்மேல்தான், அவர் வீட்டில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.